அறுவை செய்ய முடியாத தைராய்டு புற்றுக்குக் கரண்ட் வைப்பதால் என்ன பயன்?

உங்கள் அம்மாவுக்கு 67 வயது. கழுத்துக் கட்டி ஆறு வாரத்தில் எலுமிச்சை அளவிலிருந்து மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. பயாப்ஸியில் ‘அனாபிளாஸ்டிக்’ என்று முடிவு. மூச்சுக்குழாயோடும் பெரிய ரத்தக்குழாயோடும் ஒட்டியிருப்பதால் அறுவை செய்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 33 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா தைராய்டு புற்றுக்கு அயோடின் குடித்துவிட்டு நன்றாக நடமாடுகிறாரே, அது ஏன் அம்மாவுக்கு இல்லை, கரண்ட் வைத்தால் குணமாகுமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், “அம்மாவைச் சும்மா சிரமப்படுத்துகிறோமோ என்று பயமாக இருக்கிறது” என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கதிர்வீச்சு மருத்துவனாக 19 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இத்தனை வருடத்திலும் இந்த நோயை நான் பார்த்தது குறைவுதான். தைராய்டு புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் அனாபிளாஸ்டிக். உங்கள் அம்மாவின் ஸ்கேனையோ ஸ்லைடையோ நான் பார்க்கவில்லை. அதனால் “இதைச் செய்யுங்கள்” என்று என்னால் சொல்ல முடியாது. எதைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அயோடின். தைராய்டு செல்லின் வேலையே ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்து ஹார்மோன் செய்வது. அதற்கென்று செல்லின் சுவரில் ஒரு பம்பு இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருந்தது பெரும்பாலும் பாப்பில்லரி வகையாக இருக்கும். அந்த வகை செல் புற்றாக மாறிய பிறகும் அந்தப் பம்பை ஓரளவு வைத்திருக்கிறது. கதிரியக்க அயோடினைக் குடித்தால், தானே இழுத்துக்கொண்டு தானே சாகிறது. அனாபிளாஸ்டிக் செல் தான் தைராய்டில் பிறந்ததையே மறந்துவிட்ட செல். பம்பு போய்விட்டது. எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் கட்டிக்குள் போகாது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. யாராவது “அயோடினும் ஒரு தடவை முயன்று பார்க்கலாம்” என்றால், அதற்காக ஒரு வாரத்தைக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

மெடுல்லரி என்று இன்னொரு அரிய வகை உண்டு. இதைப் படிக்கும் வேறு சிலருக்கு அது இருக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. அது தைராய்டுக்குள்ளேயே இருக்கும் சி-செல்களில் தோன்றுவது. அந்தச் செல்களுக்கு அயோடின் பம்பு எப்போதுமே கிடையாது. ஆனால் அது பெரும்பாலும் மெதுவாக வளரும். எடுக்க முடியாமல் போனாலும் வருடக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் அங்கே கட்டுப்படலாம், ஆனால் ஆயுள் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ரெட் மரபணு மாற்றம் இருந்தால் 2020-இல் வந்த செல்பெர்காடினிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. அனாபிளாஸ்டிக்குக்கு எழுதும் இந்தப் பதிலின் அவசரம் அவர்களுக்குப் பொருந்தாது.

உங்கள் அம்மாவுக்கு அவசரம் பொருந்தும். ஆனாலும் அதற்கு முன் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும்: இது அனாபிளாஸ்டிக்தானா? வேகமாக வளரும் கழுத்துக் கட்டி இன்னொன்றும் உண்டு, தைராய்டு லிம்போமா, அதாவது தைராய்டில் வரும் நிணநீர்ச் செல் புற்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சிகிச்சையில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். லிம்போமா மருந்துக்கே கரையும், பலர் குணமாகிவிடுகிறார்கள். மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுத்த சில துளிகளை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். தடித்த ஊசியில் சதைத் துணுக்கு எடுத்து, சிறப்புச் சாயங்கள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படிச் செய்திருப்பதாக இருந்தால் சரி. ஊசி முடிவு மட்டும்தான் என்றால் நாளைக்கே கேளுங்கள். வேறோர் ஊரிலிருந்து “அனாபிளாஸ்டிக், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்று அனுப்பப்பட்ட ஒரு பெரியவருக்கு எங்கள் நோயியல் மருத்துவர் லிம்போமா என்று திருத்தினார். அப்படி அடிக்கடி நடக்காது. ஒரு முறை நடந்ததால் எல்லோரிடமும் கேட்கிறேன்.

ரிப்போர்ட்டில் ‘நான்காம் நிலை’ என்று இருப்பதைப் பார்த்து நீங்கள் உடைந்துபோனதாக எழுதியிருந்தீர்கள். இந்த நோய் தைராய்டுக்குள்ளேயே அடங்கியிருந்தாலும் அதற்கு நான்கு என்றுதான் பெயர். அதற்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் சுரப்பிக்குள், பி என்றால் கழுத்துக்குள் பரவியது, சி என்றால் நுரையீரல், எலும்பு என்று தூரம் போனது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் குறைந்தது பி. சி-யா என்பது பெட் ஸ்கேனிலோ நெஞ்சு சிடி ஸ்கேனிலோ தெரியும். 33 நாள் நீண்ட சிகிச்சையா ஐந்து நாள் குறுகிய சிகிச்சையா என்ற முடிவு பாதிக்குமேல் இந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

இப்போது கரண்ட். நோயாளிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் அவர்களோடு அப்படியே பேசிப் பழகிவிட்டேன். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும் அதே வகைக் கதிர், பல மடங்கு ஆற்றலோடு, வெளியிலிருந்து கட்டியை நோக்கி வருகிறது. அம்மா மெஷினைவிட்டு எழுந்த மறு நிமிடம் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். அவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. தலைமுடி கொட்டாது, கரண்டோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்தால் கொட்டலாம்.

குணமாகுமா என்று கேட்டீர்கள். எடுக்க முடியாத அனாபிளாஸ்டிக் கட்டி கதிர்வீச்சால் மட்டும் குணமாவது மிக மிக அரிது. நான் அதை நம்பிக்கொண்டு சிகிச்சையை ஆரம்பிப்பதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். பழைய கணக்குகளின்படி நோயாளிகளில் பாதிப் பேர் கண்டுபிடித்த ஐந்து மாதத்துக்குள் இறந்துபோனார்கள். ஒரு வருடத்தைத் தாண்டியவர்கள் ஐந்தில் ஒருவர். இவை பெரும்பாலும் புதிய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய எண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதற்குக் கரண்ட்? மூச்சுக்கும் விழுங்குவதற்கும். இந்தக் கட்டியைக் கழுத்தில் அப்படியே விட்டால் அது மூச்சுக்குழாயை நெரிக்கும், உணவுக்குழாயை அடைக்கும், சில நேரம் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நுரையீரலில் பரவியதால் இறப்பதும் கழுத்து அடைத்து இறப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் வார்டில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவதைத் தடுக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம். 1980-களில் நியூயார்க்கில் கிம், லீப்பர் என்ற இரு மருத்துவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு வேளை கதிர்வீச்சும், கூடவே சிறிய அளவில் டாக்ஸோரூபிசின் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் கழுத்துக் கட்டி சுருங்கியது. பிறகு பலர் வேறு இடத்துப் பரவலால் இறந்தார்கள். நாற்பது வருடம் கழித்தும் கதிர்வீச்சால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதேதான்.

அளவு கூடினால் ஆயுள் கூடுமா? இங்கேதான் எனக்கும் என் சகாக்களுக்கும் வாக்குவாதம். அறுவை செய்ய முடியாத ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளத்திலிருந்து எடுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதிக அளவு, அதாவது 60 கிரே-க்கு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் பெற்றவர்கள் அதிக காலம் வாழ்ந்திருந்தார்கள். இதைக் காட்டித்தான் 33 நாள் சிகிச்சையை ஆதரிக்கிறார்கள். ஆனால் யாருக்கு 60 கிரே கிடைத்திருக்கும்? ஆறு வாரத்துக்கு மேல் தினமும் எழுந்து வரத் தெம்பு இருந்தவர்களுக்கு. நடுவில் இறந்தவர் கணக்கில் குறைந்த அளவு பெற்றவராகத்தான் பதிவாகியிருப்பார். சிகிச்சை அவர்களை வாழ வைத்ததா, வாழும் தெம்பு இருந்ததால் சிகிச்சை முடிந்ததா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. கட்டி நீண்ட நாள் கட்டுப்பட அளவு வேண்டும் என்று நான் நம்புகிறேன். ஆயுளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 33 முறையில் 66 கிரே, வாரம் ஒரு முறை பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து, அதோடு பாஸோபானிப் என்ற மாத்திரையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று முறையாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. மாத்திரையால் ஆயுள் குறிப்பிடும்படி கூடவில்லை. இத்தனை அரிய நோயில் அப்படி ஒரு சோதனையை நடத்தி முடித்ததே பெரிது.

இனி அந்த 33 நாளை உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு விடுமுறை, ஆறரை வாரம். அதற்கு முன் மாஸ்க் செய்து, ஸ்கேன் எடுத்து, திட்டம் போட ஒரு வாரம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொண்டை புண்ணாகும், எச்சில் விழுங்கவே வலிக்கும், கோழை கெட்டியாகிக் கயிறு போல இழுக்கும், சுவை போய்விடும், கழுத்துத் தோல் கறுத்து உரியும். இதெல்லாம் உச்சத்துக்கு வருவது சிகிச்சை முடிந்த பிறகு வரும் பத்து நாளில். ‘முடிந்துவிட்டது’ என்று வீடு திரும்பியவர்கள் அப்போதுதான் பயந்துபோய் போன் செய்வார்கள். தேறுவதற்கு இன்னும் மூன்று நான்கு வாரம். ஆக ஏறக்குறைய மூன்று மாதம். சங்கரன்கோவிலிலிருந்து தினமும் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் கூட்டி வருவதாக நினைத்திருக்கிறீர்கள். மூன்றாம் வாரத்துக்கு மேல் அது நடக்காது. பக்கத்திலேயே ஓர் அறை பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுக்கு வழி இருக்கிறது, அறை வாடகைக்கு இல்லை.

நோய் கழுத்தோடு நிற்கிறது, அம்மா தன் வேலையைத் தானே செய்துகொள்கிறார் என்றால் இந்த மூன்று மாதத்தைச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. நுரையீரலில் ஏற்கெனவே பரவியிருக்கிறது, பாதி நாள் படுக்கையில்தான் என்றால் நான் 33 நாள் சொல்ல மாட்டேன். ஐந்தே நாளில் 20 கிரே, அல்லது பத்து நாளில் 30 கிரே. இன்னொரு முறையும் உண்டு: காலையும் மாலையுமாக இரண்டு நாள், நான்கு தடவை மட்டும், மொத்தம் 14.8 கிரே. மூன்று நான்கு வாரம் கழித்து, கட்டி சிகிச்சைக்குக் கட்டுப்பட்டிருந்தால் மறுபடியும், தேவையானால் மூன்றாம் முறையும் கொடுக்கலாம். தொண்டைப் புண் பெரிதாக வராது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது எனக்கு அதில் பிடித்த விஷயம். குறைந்த நாள் என்றால் ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அவர்கள் பேச்சை வைத்து நாள் கணக்கு முடிவாகக் கூடாது.

என் அறையில் நான் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. நோயாளியைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கச் சொல்லிவிட்டு, வேறு ஏதோ எழுதுவது போல 15 நிமிடம் உட்கார்ந்திருப்பேன். கடிகாரம் அவருக்குத் தெரியாது. மெஷினில் அவ்வளவு நேரம்தான் அசையாமல் படுக்க வேண்டும். ஐந்தாம் நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து இருமினார் என்றால் எந்தத் திட்டமும் நடக்காது. முதலில் மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். மாஸ்க் என்பது வெந்நீரில் போட்டால் துணி மாதிரி துவளும் பிளாஸ்டிக் வலை. அதை முகம், கழுத்து, தோள் மீது இழுத்துப் பதிப்பார்கள், சில நிமிடத்தில் இறுகிவிடும். எடுக்கும்போது கன்னத்தில் கட்டம் கட்டமாக அச்சு இருக்கும். அனாபிளாஸ்டிக்கில் திங்கட்கிழமை செய்த மாஸ்க் அடுத்த திங்கள் பொருந்தாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாரத்தில் கழுத்து அவ்வளவு வளர்ந்திருக்கும். அதனால்தான் திட்டம் போடும் நாட்களைக் குறைக்கச் சொல்லி நச்சரிக்க வேண்டும். நச்சரியுங்கள், தப்பில்லை. இந்த நோயாளிகளை வரிசையில் முன்னால் விட வேண்டும் என்பது மெஷின் இயக்குபவர்களுக்கும் தெரியும், யாராவது சொன்னால்.

கதிர்வீச்சு ஆரம்பித்த முதல் சில நாளில் கட்டி வீங்கி மூச்சு இன்னும் இறுகலாம். அதற்கு வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து வைப்போம். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அது காலை வரை காத்திருக்கும் விஷயமில்லை. இரவு இரண்டு மணிக்கு எங்கே போவது என்பதை இன்றே கேட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். ‘முன்கூட்டியே கழுத்தில் துளை போட்டுவிடலாமா’ என்று கேட்பார்கள். மூச்சு நன்றாக இருக்கும்போது அதை நான் விரும்புவதில்லை. கட்டியின் ஊடே போடும் துளை சரியாக ஆறாது, அதனால் கதிர்வீச்சு தள்ளிப்போகும், பேச்சும் போகும். மூச்சு திணற ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்றும் கவனியுங்கள். குரல்நாண் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் அப்படி ஆகும். மூக்குவழிக் குழாயோ வயிற்றில் நேராக வைக்கும் குழாயோ, அதைப் பற்றி எடை குறைந்த பிறகு பேசுவதைவிட முன்பே பேசுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் கேட்காத ஒன்று: பிராஃப் வி600இ சோதனை செய்தார்களா? அனாபிளாஸ்டிக் நோயாளிகளில் கணிசமான பேருக்கு இந்த மரபணு மாற்றம் இருக்கிறது. இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். 2018 மே மாதம் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. அதன் அடிப்படையான சோதனையில் 36 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது, ஒரு வருடம் கழித்துப் பாதிப் பேர் உயிரோடு இருந்தார்கள். ஐந்தில் ஒருவர் என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இதன் பொருள் புரியும். ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் மாத்திரையில் சுருங்கிய பிறகு, முதலில் ‘எடுக்க முடியாது’ என்று சொன்ன கட்டிகளையே அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த நோயாளிகள், ஒரே மருத்துவமனை அனுபவம். அது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் மாற்றம் இருப்பவருக்கு முதலில் மாத்திரையா கரண்டா என்ற கேள்வி உண்மையாகவே எழுகிறது, நான் மாத்திரைப் பக்கம் சாய்வேன். இரண்டையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. தோல் வெந்துவிடும், கதிர்வீச்சு நாட்களில் மாத்திரையை நிறுத்தி வைப்போம். விலை அதிகம், உண்மை. ஆனால் விலையைப் பற்றி யோசிக்க வேண்டுமா இல்லையா என்பதே சோதனை செய்தால்தான் தெரியும். முழு மரபணுச் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இதே பயாப்ஸித் துணுக்கில் சாயம் போட்டு இந்த ஒரு மாற்றத்தை மட்டும் சில நாளில் பார்த்துவிடலாம்.

“அம்மாவிடம் வெறும் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. என் சித்திக்கு நோய் வந்தபோது எங்கள் வீட்டிலும் அதையேதான் செய்தோம். ஆனால் மூன்று மாதத் தொண்டைப் புண்ணா இரண்டு நாள் சிகிச்சையா என்பதை அவருக்குப் பதிலாக நீங்கள் தேர்ந்தெடுத்தால், ‘சிரமப்படுத்துகிறோமோ’ என்ற அந்தப் பயம் உங்களைவிட்டுப் போகாது. எல்லா எண்களையும் சொல்ல வேண்டியதில்லை. “அறுத்து எடுக்க முடியாத கட்டி, மூச்சு அடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சிகிச்சை இருக்கிறது, நாள் கூடவும் உண்டு, குறைவாகவும் உண்டு, உங்களுக்கு எது சரி?” என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அவர்களுக்குப் பாதி தெரிந்துதான் இருக்கிறது. வலி, ஆதரவு சிகிச்சை பார்க்கும் மருத்துவரையும் இப்போதே பாருங்கள், கடைசி வாரத்துக்கென்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

நாளை காலையில் முதல் வேலையாக, பயாப்ஸி செய்த லேபுக்குப் போய் ஸ்லைடோடு மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்குங்கள். ‘பிளாக்’ என்றால் அவர்களுக்குத் தெரியும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். பிராஃப் சாயமும் லிம்போமா சந்தேகமும் அதை வைத்துத்தான் தீரும். அதை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு உருகிவிடும்.